டில்லிபாபு காற்றை வெளியே விட்ட கதை

ஒன்பது வருஷமாக நான் டில்லிபாபு அண்ணனின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டருக்கு டிரைவர் என்றால் அவ்வளவுதான். ஒரு முதுகு, ஒரு பிடரி, மேலே மாட்டியிருக்கும் கண்ணாடியில் இரண்டு கண்கள். வீட்டில் என் மனைவியின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட இந்த முதுகைப் பார்த்த நேரம் அதிகம். அது எப்போது பசியாக இருக்கிறது, எப்போது கோபமாக இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் கோபமாகத்தான் இருக்கும்.

எங்கள் வண்டி திருவான்மியூரில் கிளம்பி அடையாறு, மந்தைவெளி, லஸ், ஆழ்வார்பேட்டை என்று ஒவ்வொரு சிக்னலுக்கும் வணக்கம் வைத்துவிட்டுத் தி.நகர் போய்ச் சேரும். மெட்ரோ வேலைக்காக ரோட்டில் பாதியைத் தகரம் வைத்து அடைத்த பிறகு, முக்கால் மணி நேரத்தில் போன தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அடைத்தது போக மிச்சமிருக்கும் சந்தில் பஸ், கார், தண்ணீர் லாரி, ஆட்டோ, ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வரும் பையன்கள் எல்லாரும் நுழைய வேண்டும். அத்தனை பேரையும் டில்லிபாபு அண்ணன் ஒரே கேள்விதான் கேட்பார். "வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" அதற்கு மேல் அவர் கேட்டவற்றை எழுத முடியாது. நான் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். சென்னைத் தமிழை அவருடைய ஜன்னலோரத்தில்தான் கற்றேன். நல்ல வார்த்தைகள் எல்லாம் அப்புறம்தான் தெரிய வந்தன.

அவர் மந்தைவெளியில் பிறந்தவர். பட்டினப்பாக்கம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. பதினெட்டு வயதில் தண்ணீர் லாரியில் கிளீனராக ஏறி, லாரி ஓட்டி, இருபத்தாறாவது வயதில் பஸ்ஸுக்கு வந்தவர். அவர் தெருவில் டில்லிபாபு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, டிரைவர் வீடு என்று கேட்க வேண்டும். வேறு யாராவது ஓட்டும் வண்டியில் அவரால் உட்கார்ந்து போக முடியாது, வயிற்றைப் புரட்டும். கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனால்கூட டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தபடிதான் வருவார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் தொழிலில் ஸ்டியரிங்கை விட்டு இறக்கப்பட்டவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. கண் சரியில்லை, சர்க்கரை கூடிவிட்டது, இதயத்தில் அடைப்பு என்று ஏதோ ஒன்று. டெப்போ வாசலில் வேப்ப மரத்தடியில் பெஞ்சு போட்டு உட்காரவைத்திருப்பார்கள். உள்ளே வரும் வண்டியின் நம்பரைச் சொல்ல வேண்டும், வெளியே போகும் வண்டிக்குக் கையைக் காட்ட வேண்டும். அவர்களைப் பார்த்தால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

போன வருஷம் மே மாதம். பகல் பன்னிரண்டரை மணி. அடையாறு சிக்னலில் முதல் வண்டியாக நிற்கிறோம். பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. நான் பின்பக்கம் பெண்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவன், இரண்டு விசில் கொடுத்தேன். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. போகவில்லை. மறுபடி இரண்டு. பின்னால் ஹாரன்கள் கிளம்பிவிட்டன. கண்ணாடியைப் பார்த்தேன். கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஆட்களை எண்ணிப் பழகின புத்தி, அந்த விநாடிகளையும் எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு என்று எண்ணும்போது முதுகு ஒரு குலுங்கு குலுங்கியது. கியர் விழுந்தது, வண்டி புறப்பட்டது.

தி.நகரில் இறங்கியதும் டீக்கடைக்குப் போகாமல் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நிழலில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"கண்ணு முன்னாடி அப்டியே கறுப்பா வந்துட்ச்சு இசக்கி. யாராண்டயும் சொல்லாத."

டிரைவர்கள் டிரிப் நடுவில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் இறங்க வேண்டியிருக்கும், இறங்கினால் ஒதுங்க இடமிருக்காது. ஏழு விநாடிதான் என்று சொல்லி, வெயில், தண்ணீர் குடிக்காதது, காலையில் சாப்பிடாதது என்று நானே நாலு காரணம் எடுத்துக் கொடுத்தேன். அவரும் ஆமாம் ஆமாம் என்று வாங்கிக்கொண்டார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் எதுவும் செய்யவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். மறுபடி வண்டியில் ஏறினோம். ஐம்பது அறுபது பேர் எங்களை நம்பி ஏறினார்கள்.

அடுத்த மாதமே வருடாந்தர உடல் பரிசோதனை வந்தது. டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தாறு, நூற்று நாலு. கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். பெரிய வித்தியாசமில்லை. திட்டவில்லை. மாத்திரை எழுதினார், ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தச் சொன்னார். ஒரு மாதத்தில் திரும்பி வரும்போது நூற்று நாற்பதுக்கும் தொண்ணூறுக்கும் கீழே இருந்தால் ஸ்டியரிங், இல்லாவிட்டால் டெப்போ பெஞ்சு என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மந்தைவெளிப் பக்கம் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறார்கள், மாத்திரையோடு அதையும் செய்தால் நல்லது என்று ஒரு சீட்டும் கொடுத்தார்.

மயக்கம், கண் இருட்டல் ஏதாவது வந்ததுண்டா என்று அவர் கேட்கத்தான் செய்தார். அது எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. அதற்கு எங்கள் ஆட்கள் பதில் சொல்லும் முறை ஒன்று உண்டு. டாக்டர் 'மயக்கம்' என்று ஆரம்பிக்கும்போதே "இல்ல மேடம்" என்று முடித்துவிட வேண்டும். யோசித்தால் தொலைந்தோம். டெப்போவில் புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அண்ணனும் அப்படியே முடித்துவிட்டு வெளியே வந்தார்.

மூச்சுப் பயிற்சிச் சீட்டைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஐம்பது வருஷமாக விட்டுக்கொண்டிருக்கிற மூச்சை ஒருத்தர் சொல்லிக்கொடுத்து விட வேண்டுமா என்று அன்று முழுக்கப் புலம்பினார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார நேரமிருக்கிறவர்களுக்கு வரும் வியாதியே வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தவன். ஆனால் பெஞ்சு பயம் பெரிய பயம். காலை ஷிப்டை மாற்றி நாங்கள் இருவரும் மதிய ஷிப்டு வாங்கிக்கொள்ள, காலை ஏழு மணிக்கு அவர் சுகாதார நிலையத்து மாடிக்குப் போனார்.

போனால், சொல்லிக்கொடுக்க வந்து நிற்பது எங்கள் வண்டியில் தினம் வரும் தமிழ்மொழி. இருபத்தேழு வயதிருக்கும். கண்ணகி நகரிலிருந்து ஒரு பஸ் பிடித்துத் திருவான்மியூர் வந்து, அங்கே எங்கள் வண்டியில் ஏறி வேலைக்குப் போய், திரும்பும்போதும் எங்கள் வண்டியிலேயே வருகிற பெண். அவர்கள் குடும்பம் அடையாற்றங்கரையில் இருந்தது, வீட்டைக் காலி செய்து கண்ணகி நகருக்கு அனுப்பிவிட்டார்கள். மூச்சு இழுப்பு நோயோடு வளர்ந்த பெண். மருந்தோடு மூச்சுப் பயிற்சியும் செய்து தேறி, அதையே படித்துச் சான்றிதழ் வாங்கி வேலைக்கு வந்தவள். பல நாள் இவர் வண்டியை நிறுத்தத்துக்குப் பத்தடி தள்ளி நிறுத்தி, அவள் ஓடி வந்து ஏறியிருக்கிறாள். அன்றைக்கு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். "வாங்கண்ணா, பாய எடுத்துப் போட்டுக்கோங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

வகுப்பில் பதினோரு பெண்கள், இவர் ஒருவர்தான் ஆண். பக்கத்துப் பாயில் வளையல் கடை ஜமீலுன்னிசா. முதல் நாள் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொன்னாள். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. அவ்வளவுதான். மூன்றாவது மூச்சிலேயே அண்ணனுக்கு மூச்சு முட்டிவிட்டது. உள்ளே இழுப்பதற்கு இவருக்குச் சொல்லித்தரவே வேண்டாம். வெளியே விடும்போதுதான், மூன்று எண்ணுவதற்குள் தீர்ந்துபோய் அடுத்ததை அவசரமாக இழுத்தார். டிரைவருக்கு எதையும் முந்திப் பழக்கம் என்று ஜமீலுன்னிசா சொல்ல, வகுப்பே சிரித்ததாம்.

பிறகு நாடிசுத்தி. ஒரு மூக்கை விரலால் மூடி மறு மூக்கில் இழுப்பது, மாற்றி விடுவது. பிறகு காதை மூடிக்கொண்டு 'ம்' என்று வண்டுபோல் முனகுவது, அதற்குப் பிராமரி என்று பெயர். இதை அவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய, ஃபிரிட்ஜில் ஏதோ கோளாறு என்று அவர் மனைவி சுப்பம்மா இரண்டு நாள் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்.

வண்டியிலும் மாற்றம் தெரிந்தது. லஸ் சிக்னலில் சிவப்பு நூற்றிருபதிலிருந்து எண்ணி இறங்கும். முன்பெல்லாம் அந்த நூற்றிருபது விநாடியும் அவர் ஸ்டியரிங்கில் தாளம் தட்டி, உச்சுக் கொட்டி, பக்கத்து ஆட்டோக்காரனை வம்புக்கு இழுப்பார். இப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு முதுகு மெல்ல ஏறி இறங்கியது. ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன் சீட்டிலிருந்த ஒரு பெரியவர் ஏதோ நாற்றம் என்று நினைத்துத் தன் கூடையைத் தூக்கி மோந்து பார்த்தார். இதை நான் தமிழ்மொழியிடம் சொல்லிச் சிரிக்க, அவள் சிரிக்கவில்லை. நேராக முன்னால் போய், வண்டியில் உட்கார்ந்து மூக்கைப் பிடிக்கவோ மூச்சை அடக்கவோ கூடாது, சிக்னலில் நின்றால் வெளியே விடுவதை மட்டும் நீட்டி விடுங்கள், போதும் என்று கண்டித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவர் சிக்னல்களுக்கு மூச்சுக் கணக்கில் பெயர் வைத்துவிட்டார். மந்தைவெளி ஆறு மூச்சு, லஸ் பன்னிரண்டு மூச்சு.

ஆனால் மனதுக்குள் அவருக்கு இதில் திருப்தியில்லை. இவ்வளவு லேசாகச் செய்கிற ஒன்று என்ன பெரிய வேலை செய்துவிடப்போகிறது என்று எண்ணம். டெப்போ வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். தாடி வைத்த ஒருவர் வயிற்றை எக்கி எக்கி, புஸ் புஸ்ஸென்று மூக்கால் நூறு தடவை காற்றைத் தள்ளுகிறார். அதைப் பார்த்ததும் இதுதான்டா பயிற்சி என்று அண்ணனுக்குப் பட்டது.

அப்படிப் பட்டதற்குக் காரணம் உண்டு. காலையில் டெப்போவில் பஸ்ஸை ஸ்டார்ட் செய்தால் உடனே நகர்த்த முடியாது. எங்கள் பிரேக் காற்றில் ஓடுவது. டேங்கில் காற்று ஏற வேண்டும். முள் மேலே வரும்வரை டிரைவர்கள் ஆக்ஸிலேட்டரை விட்டு விட்டு மிதித்து உறுமவிடுவார்கள். முள் வந்தால்தான் வண்டி வெளியே போகலாம். இருபத்தைந்து வருஷமாகத் தினமும் காலையில் இதைச் செய்கிற மனிதர், பரிசோதனை நாளன்று தனக்கும் அதையே செய்துகொண்டார். டாக்டரம்மா அறைக்கு வெளியே மாடிப்படியில் நின்று, வயிற்றை எக்கிப் புஸ் புஸ்ஸென்று இருநூறு தடவை. எனக்கு அன்று வார விடுமுறை, துணைக்குப் போயிருந்தேன். என்னண்ணே இது என்றால், விரலைக் காட்டிப் பொறு என்றார்.

"ஏர் ஏத்திக்கினு கீறேன்."

ஏறத்தான் செய்தது. நூற்று எழுபத்திரண்டு, நூற்று எட்டு.

முகத்தில் ரத்தமே இல்லாமல் வெளியே வந்தார். பெஞ்சுதான் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மா எங்களைப் போகவிடாமல் பின்னாலேயே வந்து, வருவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். இவர் மறைக்காமல் சொன்னார், கொஞ்சம் பெருமையாகக்கூட. டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் அந்த வேகப் பயிற்சியைத் தொடவே கூடாது என்றார். இன்னும் இரண்டு வாரம் கொடுத்தார். அதுதான் கடைசி.

மறுநாள் வண்டியில் தமிழ்மொழி ஏறியதும், தன் பிழைப்பில் மண் விழுந்ததைப் போல அவளிடம் சொன்னார். அவள் டிரைவர் பக்கத்து என்ஜின் பானட்டுக்கு அருகில் கம்பியைப் பிடித்தபடி நின்று கேட்டாள். நாங்கள் மந்தைவெளி நிறுத்தத்தில் ஆள் இறக்கிக்கொண்டிருந்தோம். முன்னால் தகரத் தடுப்பு, வண்டி நகர இடமில்லை. அண்ணன் ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். உஸ்ஸ் என்று காற்று வெளியேறி வண்டி அசையாமல் நின்றது.

"இப்ப இன்னா பண்ணீங்கண்ணா?" என்றாள்.

"பிரேக்கு போட்டேன்."

"காத்து உள்ள போச்சா, வெளிய போச்சா?"

அண்ணன் கையை அந்தப் பிடியிலேயே வைத்திருந்தார். வண்டியை ஓட்டக் காற்று ஏற வேண்டும், நிறுத்தக் காற்று வெளியே போக வேண்டும். அவருக்குத் தெரியாத விஷயமில்லை. கை தினம் நூறு தடவை செய்வதுதான். ஆனால் அதுவரை யாரும் அவரிடம் நிற்கச் சொன்னதில்லை, போ போ என்று விசில் அடித்தவன்தான் நான்.

அந்த இரண்டு வாரம் நான் பார்த்தது வேறு ஒரு முதுகு. மாத்திரையை நேரத்துக்குப் போட்டார். தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டார், தி.நகரில் இறங்கி ஓடவும் செய்தார். ஹாரனை மறந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். ஒருநாள் ஆழ்வார்பேட்டையில் ஒரு பைக்குக்காரன் குறுக்கே விழுந்து, திரும்பி இவரையே திட்டினான். வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று வண்டியே காத்திருந்தது. அண்ணன் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "போ நைனா, உஷாரா போ" என்றார். பைக்குக்காரன்தான் பயந்துபோனான். எனக்கே வெட்கமாக இருக்கிறது சொல்ல, சிக்னலில் நிற்கும்போது நானும் பின்னாலிருந்து அவரோடு சேர்ந்து மூச்சு விட ஆரம்பித்திருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது. ராத்திரி வீட்டுக்குப் போனால் தலைவலி இல்லாமல் இருந்தது.

எல்லாம் சரியாகப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு தி.நகரில் டீ குடிக்கும்போது அண்ணன் கண்ணாடி டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சொம்மா உக்காந்து மூச்ச வுட்டா, மனசு காலியாவும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. எனுக்குக் காலியாவ மாட்டேங்குது இசக்கி. அந்த ஏழு செகண்டுதான் வந்து நிக்குது."

அவர் மேலே சொன்னார். முன்பெல்லாம் கத்திக்கொண்டே இருந்ததில் அது அமுங்கிக் கிடந்தது. இப்போது கத்தல் நின்றுவிட்டது, அது மட்டும் மேலே வந்துவிட்டது. அன்றைக்கு நியூட்ரலில் நின்றோம், சரி. இன்னும் இரண்டு நிமிஷம் கழித்து வந்திருந்தால் வண்டி அடையாறு பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருக்கும். படியில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். ஏழு பேர், அதில் நாலு பேர் காலேஜ் பையன்கள். ஞாபகமில்லை என்று சொன்னேன்.

"இப்ப ஒண்ணுஞ் சொல்லாதியண்ணே" என்றேன். "மொதல்ல பாஸாவுங்க. பொறவு பாத்துக்கிடலாம்."

இதைச் சொன்னதற்காக இன்றைக்கும் கூசுகிறேன். அவருக்காகச் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். எனக்காகவும்தான் சொன்னேன். அவர் சொன்னால், கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவன் யார் என்ற கேள்வியும் வருமே.

பரிசோதனை அன்று மாடிப்படியில் நிற்கவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில். எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனார். கதவு கிடையாது, பச்சைத் திரை மட்டும்தான். நான் திரைக்கு இந்தப் பக்கம் சுவரோரம் நின்றேன்.

பட்டை இறுகும் சத்தம் கேட்டது. தளரும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அவர் குரலில் சிரிப்பு. நூற்று முப்பத்திரண்டு, எண்பத்து நாலு. நன்றாக இருக்கிறது டில்லிபாபு, மாத்திரையையும் விடாதீர்கள், மூச்சையும் விடாதீர்கள் என்றார். திரைக்கு வெளியே நான் சுவரில் சாய்ந்தேன். தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தேன். தாளைத் திருப்பும் சத்தம். பேனாவை அழுத்தும் சத்தம். கடைசிக் கேள்வி மட்டும்தான் பாக்கி. அதற்கு எங்கள் ஆட்கள் பதில் சொல்கிற முறைதான் இருக்கிறதே.

மயக்கம், கண் இருட்டல் இந்த மாதிரி எப்போதாவது வந்ததுண்டா என்று டாக்டரம்மா முழுவதும் கேட்டு முடித்தார். நடுவில் யாரும் குறுக்கிடவில்லை.

பதில் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சுக் கேட்டது. உள்ளே இழுத்தது கொஞ்சம்தான். வெளியே விட்டது நீளம். என் வழக்கப்படி எண்ணினேன். ஆறையும் தாண்டிப் போனது. அது முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு தபா வந்துச்சு மேடம். மே மாசம். சிக்னல்ல."

பேனாவை மேசைமேல் வைக்கும் சத்தம். எவ்வளவு நேரம், அப்போது என்ன சாப்பிட்டிருந்தீர்கள், அதற்குப் பிறகு வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகச் சொன்னார். இதை முதல் தடவையே ஏன் சொல்லவில்லை என்றும் டாக்டரம்மா கேட்டார்.

"பயம் மேடம்."

"இப்பவும் நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"தெரியும் மேடம். போட்டுட்டீங்கன்னா அப்பால சொல்றதுக்கு மனசு வராது. அதான் இப்பவே சொல்டேன்."

டாக்டரம்மா பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு மெதுவான குரலில், பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்துக்கும் தலைக்கும் பரிசோதனைகள் செய்து முடிவு வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது, குறைந்தது மூன்று மாதம், அதன் பிறகும் என்ன என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அதுவரை டெப்போவில்தான் வேலை. சரி மேடம் என்றார் அண்ணன். குரல் உடையவில்லை.

எழுதிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார், அன்றைக்கு வண்டியில் வேறு யாருக்காவது இது தெரியுமா என்று. விதிப்படி கேட்க வேண்டிய கேள்விதான்.

"யாருக்கும் தெரியாது மேடம்" என்றார் அண்ணன், யோசிக்காமல்.

அவர் அன்று சொன்ன ஒரே பொய் அதுதான், அதுவும் எனக்காக. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. அப்படியே படியிறங்கிப் போய் டீக்கடையில் நின்றிருக்கலாம். நான் உள்ளே இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றுகொண்டிருந்தது. அதை வெளியே விட்டேன்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். அண்ணன் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில், நேருக்கு நேராக நான் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றேன். "நான் கண்ணாடில பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

டாக்டரம்மா என் பெயரைக் கேட்டார். இசக்கிமுத்து என்றேன். சுவரோரம் இருந்த இன்னொரு நாற்காலியைக் காட்டி, அண்ணனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார்.